கையெழுத்து வரும், கடிதம் விளங்காது: செயற்பாட்டு எழுத்தறிவின்மை என்றால் என்ன?

திருகோணமலையில் பிரதேச செயலகத்துக்கோ கச்சேரிக்கோ காலை வேளையில் போகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். வாசலுக்கு வெளியே, போட்டோக் கொப்பிக் கடையின் ஓரத்தில் பேனாவோடு ஒருவர் இருப்பார். அவரைச் சுற்றி நாலைந்து பேர் படிவத்தோடு நிற்பார்கள். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், வீட்டில் எத்தனை பேர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அவரே நிரப்புவார். கடைசியில் தாளைத் திருப்பி, விரலால் ஓர் இடத்தைக் காட்டுவார். நிற்பவர் கையெழுத்து வைப்பார். பலருடைய கையெழுத்து நல்ல பழகிய கையெழுத்தாகவே இருக்கும்.

அந்தப் படிவம் தமிழில் இருக்கிறது. கையெழுத்து வைத்தவருக்குத் தமிழ் எழுத்துகள் தெரியும். பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிப்பார், கடைப் பெயரை வாசிப்பார். எழுத்தறிவு 90 வீதத்துக்கும் மேல் என்று இலங்கை சொல்லும்போது அந்தக் கணக்குக்குள் அவரும் இருக்கிறார். ஆனாலும் ஒரு பக்கப் படிவத்தை நிரப்ப இன்னொருவருக்குக் காசு கொடுக்கிறார். இந்த நிலைக்குத்தான் செயற்பாட்டு எழுத்தறிவின்மை என்று பெயர். அதை விளங்கிக்கொள்ள, எழுத்தறிவை எப்படி அளக்கிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு சொல், இரண்டு அளவுகோல்

யுனெஸ்கோ 1958இல் ஒரு வரையறை கொடுத்தது. அன்றாட வாழ்க்கை பற்றிய சிறிய, எளிய கூற்று ஒன்றை விளங்கி வாசிக்கவும் எழுதவும் முடிந்தவர் எழுத்தறிவுள்ளவர். குடிசன மதிப்பீடுகள் பெரும்பாலும் இந்த அளவுகோலின் வழியில்தான் நடக்கின்றன. நடைமுறையில் யாரும் தாளை நீட்டி வாசிக்கச் சொல்வதில்லை. 'வாசிக்க, எழுதத் தெரியுமா?' என்று கேட்கிறார்கள். வீட்டிலிருக்கும் ஒருவர் எல்லாருக்காகவும் 'தெரியும்' என்கிறார்.

1978இல் யுனெஸ்கோ இன்னொரு வரையறையையும் சேர்த்தது. ஒருவர் வாழும் குழுவிலும் சமூகத்திலும் எழுத்தறிவு தேவைப்படும் காரியங்கள் எல்லாவற்றிலும் அவரால் ஈடுபட முடிய வேண்டும். வாசிப்பையும் எழுத்தையும் கணக்கையும் தன் முன்னேற்றத்துக்கும் சமூகத்தின் முன்னேற்றத்துக்கும் தொடர்ந்து பயன்படுத்தவும் முடிய வேண்டும். அப்படி முடிந்தால்தான் அவர் செயற்பாட்டு எழுத்தறிவு உள்ளவர்.

முதல் அளவுகோல் மனிதரை மட்டும் பார்க்கிறது. இரண்டாவது, மனிதரையும் அவரைச் சுற்றியிருக்கும் தாள்களையும் சேர்த்துப் பார்க்கிறது. தாள் மாறினால் அளவும் மாறும். 1960களில் கிண்ணியாவில் ஒரு விவசாயிக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு கடிதம் வந்திருக்கலாம். இன்று அவருடைய பேரனுக்கு மின்கட்டணச் சிட்டை, வங்கிக் குறுஞ்செய்தி, கிளினிக் கொப்பி, நலன்புரிப் படிவம், கடன் ஒப்பந்தம் எல்லாம் ஒரே மாதத்தில் வருகின்றன. தாத்தாவுக்குப் போதுமாயிருந்த எழுத்தறிவு பேரனுக்குப் போதாது.

அளவுகோல் தாழ்ந்தால் எண்ணிக்கை உயரும் என்பதற்கு நம் நாட்டிலேயே இன்னொரு சான்று உண்டு. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணினி எழுத்தறிவு வரையறைப்படி, ஐந்து வயதுப் பிள்ளை தானாகவே கணினியில் விளையாட்டு ஒன்றை விளையாட முடிந்தாலும் அது கணினி எழுத்தறிவுள்ள பிள்ளைதான். அந்தப் பிள்ளையை இணையத்தில் விண்ணப்பம் நிரப்பச் சொல்ல முடியாது. வரையறையை வாசிக்காமல் வீதத்தை மட்டும் வாசிப்பதால்தான் குழப்பம் வருகிறது.

பிரெஞ்சு மொழியில் பள்ளிக்கே போகாமல் எழுத்து அறியாதிருப்பதற்கு ஒரு சொல்லும், பள்ளிக்குப் போயும் வாசிப்பு கைகொடுக்காமல் இருப்பதற்கு வேறொரு சொல்லும் உண்டு. நம்மிடம் 'கைநாட்டு' என்ற சொல் மட்டும் இருக்கிறது. கையெழுத்து வைக்கப் பழகிய அன்றே ஒருவர் அந்தச் சொல்லிலிருந்து தப்பிவிடுகிறார். அதன் பிறகு அவருக்குள்ள சிரமத்துக்குப் பெயரே இல்லை.

பணக்கார நாடுகளிலும் இதே கதை

இது வறிய நாடுகளின் நோய் என்று நினைத்தால் தவறு. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பு 16 முதல் 65 வயது வரையானவர்களிடம் உண்மையான தாள்களையும் திரைகளையும் கொடுத்துச் சோதிக்கிறது. 2023இல் 31 நாடுகளிலும் பிரதேசங்களிலும் நடந்த சோதனையின் முடிவு 2024 டிசம்பரில் வந்தது. வாசிப்பில் ஆகக் கீழ் மட்டங்களில், அதாவது முதலாம் மட்டத்திலோ அதற்குக் கீழோ நிற்பவர்கள் சராசரியாக 26 வீதம்.

ஜெர்மனியில் 2018இல் நடந்த ஆய்வு 18 முதல் 64 வயது வரையானவர்களில் 62 லட்சம் பேருக்கு முழுமையான எழுத்தறிவு இல்லை என்று கண்டது. அது 12.1 வீதம். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வேலை செய்பவர்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு ஜெர்மன்தான் தாய்மொழி. வேலைக்குப் போகிறார், சம்பளம் எடுக்கிறார், பக்கத்து மேசைக்காரருக்குக்கூடத் தெரியாமல் நாளைக் கடத்துகிறார்.

இலங்கையில் பெரியவர்களை இப்படி உட்கார வைத்துச் சோதித்த தேசிய அளவீடு எதையும் பொதுவிவாதத்தில் நாம் காண்பதில்லை. நாம் பேசுவது 'தெரியும்' என்ற பதிலின் வீதத்தைத்தான்.

வாசிப்பு எந்த இடத்தில் அறுகிறது

எழுத்து தெரிந்தவருக்கு ஏன் விளங்கவில்லை? அறுகிற இடங்கள் ஒன்றல்ல.

1. வேகம். எழுத்துக் கூட்டி வாசிப்பவரின் கவனம் முழுவதும் எழுத்தைச் சொல்லாக்குவதிலேயே செலவாகிறது. ஒரு நேரத்தில் மனம் தாங்கக்கூடியது கொஞ்சம்தான். பத்தாவது சொல்லுக்கு வரும்போது முதல் நான்கு சொற்கள் நழுவிவிடும். வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் பிழையில்லாமல் வாசிப்பார். என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால் திரும்பவும் தொடக்கத்துக்குப் போவார்.

2. அட்டவணை. கட்டணச் சிட்டையையும் படிவத்தையும் கதை வாசிப்பது போல மேலிருந்து கீழே வாசிக்க முடியாது. எந்தக் கட்டத்தில் எது இருக்கிறது என்று தேடத் தெரிய வேண்டும். வீட்டு மின்கட்டணத்தில் மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் வேறொரு கட்டண அட்டவணை வந்துவிடும். 60க்கு மேல் கூடிய அலகுகளுக்கு மட்டுமல்லாமல், முதல் 60 அலகுக்கும் சேர்த்து விலை ஏறும். இரண்டு மானி வாசிப்புகளுக்கு இடைப்பட்ட நாட்களின் எண்ணிக்கையும் கணக்கில் வரும். கட்ட வேண்டிய தொகை மட்டும் கண்ணில் படுகிறவருக்கு இந்த மாதம் ஏன் இவ்வளவு என்பது புரியாது. ஆகவே எதைக் குறைக்கலாம் என்பதும் தெரியாது.

3. எண். வீதம், வட்டி, தவணை, வேளைக்கு எத்தனை குளிசை: இவை எழுத்துக்குள் ஒளிந்திருக்கும் கணக்குகள். சந்தையில் மீனை நிறுத்து நொடியில் விலை சொல்பவர்கூட, அதே கணக்கு வாக்கியமாகத் தாளில் வந்தால் தடுமாறுவார்.

4. நோக்கம். இந்தத் தாள் என்னிடம் என்ன கேட்கிறது, நான் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கண்டுகொள்வது. வங்கியிலிருந்து வரும் ஒருமுறை இலக்கத்தை (ஓ.டி.பி.) எடுத்துக்கொள்வோம். அந்தக் குறுஞ்செய்தியிலேயே 'இதை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று இருக்கும், பல வேளைகளில் ஆங்கிலத்தில். தொலைபேசியில் பேசும் மோசடிக்காரன் 'ஆறு இலக்கத்தையும் வாசியுங்கள்' என்கிறான். இலக்கம் வாசிக்கப்படுகிறது. பக்கத்திலிருக்கும் வாக்கியம் வாசிக்கப்படுவதில்லை. கணக்கிலிருந்த காசு போய்விடுகிறது.

தமிழ் வாசகரின் தோளில் கூடுதல் சுமை

நாம் பேசும் தமிழும் எழுதும் தமிழும் வேறு. மூதூரிலோ தம்பலகாமத்திலோ வளரும் பிள்ளை வீட்டுத் தமிழைக் கேட்டு வளர்கிறது, பள்ளியில் எழுத்துத் தமிழைக் கற்கிறது. தொடர்ந்து வாசிப்பவருக்கு இந்த இடைவெளி தெரியாது. எட்டாம் வகுப்போடு நின்று, பிறகு இருபது ஆண்டு எதையும் வாசிக்காமல் இருந்தவருக்கு எழுத்துத் தமிழ் பாதி அந்நிய மொழியாகிவிடுகிறது.

அதற்கு மேல் அலுவலகத் தமிழ் வேறு. 1956ஆம் ஆண்டின் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் 16ஆம் திருத்தத்தின்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழியும் ஆனது. உரிமை கிடைத்தது. ஆனால் சுற்றறிக்கைகளும் படிவங்களும் பெரும்பாலும் கொழும்பில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பிறந்து, மொழிபெயர்ப்பாக இங்கே வந்து சேருகின்றன. இத்தகைய கடிதங்களின் நடையில் எழுதிப் பார்த்த ஒரு மாதிரி இது:

'மேற்படி நலன்புரிக் கொடுப்பனவு தொடர்பாகத் தங்களால் சமர்ப்பிக்கப்பட்ட மேன்முறையீடானது, உரிய ஆவணங்கள் இக்கடிதத் திகதியிலிருந்து 14 நாட்களுக்குள் இவ்வலுவலகத்துக்குக் கிடைக்கப்பெறாதவிடத்து, பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படமாட்டாது என்பதைத் தயவுடன் அறியத்தருகின்றேன்.'

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் தமிழில் வினை கடைசியில் வரும். ஆம், இல்லை என்பதும் அந்த வினையோடுதான் வரும். 'மாட்டாது' வரும் வரை முழு வாக்கியத்தையும் மனத்தில் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். இடையில் 'கிடைக்கப்பெறாதவிடத்து' என்று இன்னொரு மறுப்பு. 'உரிய ஆவணங்கள்' எவை என்று எங்கும் இல்லை. 14 நாள் என்பது கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து அல்ல, கடிதத்தில் போட்ட திகதியிலிருந்து. தபாலில் ஐந்து நாள் போனால் மிச்சம் ஒன்பது. மெதுவாக வாசிப்பவரின் மனத்தில் கடைசியில் தங்குவது 'தயவுடன் அறியத்தருகின்றேன்' என்ற மரியாதைதான். ஏதோ தகவல் அனுப்பியிருக்கிறார்கள் என்று கடிதத்தை மடித்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவார்.

இதையே இப்படியும் எழுதலாம்: 'உங்கள் மேன்முறையீடு கிடைத்தது. இன்னும் இரண்டு ஆவணங்கள் வேண்டும்: வருமானச் சான்று, அடையாள அட்டைப் பிரதி. மே 20ஆம் திகதிக்குள் இங்கே கொண்டு வாருங்கள். வராவிட்டால் உங்கள் மேன்முறையீட்டை நாங்கள் பார்க்க முடியாது.' சட்டப் பொருள் எதுவும் குறையவில்லை. இந்தக் கடிதத்தை விளங்கிக்கொள்பவர் முந்தியதில் தோற்றிருந்தால் குறை அவரில் மட்டும் இருக்கிறது என்று சொல்ல நியாயமில்லை.

சிங்களத்தில் மட்டும் எழுதிய முறைப்பாட்டின் கீழ் கையெழுத்து வைக்கும்படி கேட்டால் தமிழ்ப் பட்டதாரியும் அந்த மேசையின் முன் எழுத்தறியாதவர்தான். அவருக்கு அது ஒரு நாள் அவமானம். மற்றவருக்கு ஒவ்வொரு நாளும்.

இங்கே இது எப்படித் திரண்டது

இலவசக் கல்வி 1945இல் வந்தது. 1997இல் 5 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்று விதி செய்தார்கள். 2016இல் அதை 16 வயதாக உயர்த்தினார்கள். ஆனால் 1980களின் நடுவிலிருந்து 2009 வரை இந்த மாவட்டத்தில் பள்ளி வயதிலிருந்தவர்கள் எத்தனை தடவை இடம்பெயர்ந்தார்கள்? 1990இன் போர், 2004இன் கடற்கோள், 2006இன் போர் என்று ஒவ்வொன்றும் பள்ளி ஆண்டுகளைத் தின்றது. 2006இல் சம்பூரிலிருந்து வெளியேறியவர்களின் மீள்குடியேற்றம் 2015, 2016 வரை இழுபட்டது. இரண்டாம் வகுப்பில் ஊரை விட்டுப் போன பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு வயதில் திரும்பி வந்தது. முகாமிலும் பள்ளி நடந்தது, பதிவேட்டில் பெயரும் இருந்தது. மூன்றாம், நான்காம் வகுப்புகளில் எழுத்துக் கூட்டுவதிலிருந்து சரளமாக வாசிப்பதற்கு ஒரு பிள்ளை தாவ வேண்டிய காலம் மட்டும் திரும்பி வரவில்லை. அந்தத் தலைமுறைக்கு இன்று ஏறத்தாழ 25 முதல் 50 வயது. அவர்கள்தான் இப்போது படிவம் நிரப்ப வேண்டிய பெற்றோர்.

பழகாத எழுத்து தேய்ந்துபோகும் என்பது இன்னொரு காரணம். பள்ளி விட்டபின் கடலுக்கோ வயலுக்கோ மத்திய கிழக்குக்கோ போனவருக்கு வாசிக்க என்ன இருந்தது? இப்போது கையில் தொலைபேசி உண்டு. அதில் பெரும்பகுதி குரல்தான். வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிக் குரல் பதிவு கேட்கலாம். அது பெரிய வசதி, குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் எழுத்தைத் தொட வேண்டிய கடைசிக் கட்டாயமும் அதோடு போய்விட்டது.

வெட்கம் இதையெல்லாம் மூடி வைக்கிறது. 'கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன்', 'பிள்ளையிடம் காட்டிவிட்டு நாளைக்குத் தருகிறேன்' என்ற வாக்கியங்களைக் கருமபீடத்தில் இருப்பவர்கள் தினமும் கேட்கிறார்கள். எல்லாம் கண்ணாடிப் பிரச்சினை இல்லை.

விளைவு எங்கே விழுகிறது

*மருந்து.* அமெரிக்காவின் மூன்று நகரங்களில் 395 நோயாளிகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. குளிசைப் போத்தலில் 'இரண்டு குளிசை, நாளுக்கு இரண்டு தடவை' என்று இருந்தது. வாசிப்புத் திறன் குறைந்தவர்களில் சுமார் 71 வீதத்தினர் அதைச் சரியாகச் சொன்னார்கள். 'அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை என்று எண்ணிக் காட்டுங்கள்' என்றதும் நான்கு குளிசையை எடுத்து வைத்தவர்கள் சுமார் 35 வீதம்தான். வாசிப்பதும் விளங்குவதும் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம். நம் நிலை இன்னும் சிக்கலானது. கிளினிக் கொப்பியில் பி.டி., டி.டி.எஸ். என்று ஆங்கில, லத்தீன் சுருக்கங்கள் இருக்கும். முதலாவது நாளுக்கு இரு வேளை, இரண்டாவது மூன்று வேளை. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆண்டுக்கணக்கில் மருந்து எடுப்பவர் கடைசியில் குளிசையின் நிறத்தை நம்பியே இருக்கிறார். வேறு கம்பனியின் குளிசை வந்து நிறம் மாறினால் அந்த ஞாபகமும் உதவாது.

*கடன்.* ஓர் உதாரணக் கணக்கு. நுண்கடனாக 60,000 ரூபாய், 50 கிழமையில் கட்ட வேண்டும், வட்டி 20 வீதம் என்கிறார்கள். வட்டி 12,000. மொத்தம் 72,000. கிழமைக்கு 1,440. கேட்கும்போது நியாயமாகத் தெரிகிறது. ஆனால் 60,000 ரூபாயும் முழுதாகக் கையில் இருப்பது முதல் கிழமை மட்டும். ஒவ்வொரு கிழமையும் முதல் தொகையில் ஒரு பங்கு திரும்பிப் போகிறது. 25ஆம் கிழமை முடியும்போது பாதி முதல்தான் மிச்சம். வட்டியோ கடைசிக் கிழமை வரை முழு 60,000 ரூபாய்க்குமே அறவிடப்படுகிறது. குறைந்துகொண்டு போகும் மீதிக்கு வட்டி போட்டுப் பார்த்தால் ஆண்டு வட்டி 38 வீதத்துக்கும் மேல். காதில் விழுந்தது 20. ஒப்பந்தம் பல பக்கம், கையெழுத்து வைக்க ஐந்து நிமிடம், பக்கத்தில் கடன் குழுவின் மற்றப் பெண்கள் காத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் 'பொறுங்கள், வாசிக்க வேண்டும்' என்று சொல்லத் துணிச்சல் எங்கிருந்து வரும்?

*காணி.* இதுதான் ஆகப் பாரதூரமானது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி காணிக் கைமாற்றம் எழுத்தில், நொத்தாரிசின் முன், இரண்டு சாட்சிகளோடு நடக்க வேண்டும். அவசரத்துக்குக் கடன் வாங்குபவர் காணியை ஈடு வைப்பதாகவே நினைக்கிறார். ஈடு என்றால் கடன் தீர்ந்ததும் காணி மீளும். தாளில் இருப்பது அறுதி உறுதியாக இருந்தால் அது விற்பனை. இரண்டு உறுதிகளிலும் எல்லை விபரமும் பழைய உறுதி இலக்கங்களும் பக்கம் பக்கமாக ஒரே மாதிரி ஓடும். வித்தியாசம் ஒரு சில சொற்களில் இருக்கிறது. உறுதி எழுதிக் கொடுப்பவருக்கு வாசிக்கத் தெரியாவிட்டால், நொத்தாரிசு அதை வாசித்து விளங்கப்படுத்த வேண்டும் என்று நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. பெருவிரல் அடையாளம் வைப்பவருக்கு இப்படி ஒரு காவல் இருக்கிறது. சரளமாகக் கையெழுத்து வைப்பவர் வாசித்து விளங்கித்தான் வைத்தார் என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள், பிறகு வழக்கென்று வந்தாலும் எதிர்த்தரப்பின் முதல் வாதம் அதுவாகத்தான் இருக்கும். கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு ஏறியவர் பாதுகாப்பில் ஒரு படி இறங்கியிருக்கிறார்.

செய்யக்கூடியவை

கல்வி அமைச்சின் முறைசாராக் கல்விப் பிரிவு எழுத்தறிவு நிலையங்களையும் சமூகக் கற்றல் நிலையங்களையும் நடத்துகிறது. அவை தேவை. ஆனால் 40 வயது மீனவரை அரிச்சுவடியின் முன் உட்கார வைத்தால் மறுநாள் வரமாட்டார். அவர் வீட்டு மின்சாரச் சிட்டையையும் படகுக் கடன் ஒப்பந்தத்தையும் மேசையில் விரித்துத் தொடங்கினால் வருவார். பெரியவர்களுக்கான பாடநூல் அவர்களுடைய பையில் ஏற்கனவே இருக்கிறது.

அதைவிட விரைவாகச் செய்யக்கூடியது தாள்களைத் திருத்துவது. படிவம் ஒன்றை அச்சிடும் முன் பத்துப் பேரிடம் கொடுத்து நிரப்பச் சொன்னால் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது ஒரே காலையில் தெரிந்துவிடும். மருந்து கொடுக்குமிடத்தில் 'விளங்கியதா?' என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். 'வீட்டுக்குப் போய் இதை எப்படிக் குடிப்பீர்கள், சொல்லுங்கள்' என்று கேட்டால் அரை நிமிடம் கூடுதலாகப் போகும், பிழை அங்கேயே பிடிபடும்.

நம் சட்டத்திலேயே நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எழுத்தில் விண்ணப்பிக்க முடியாதவர் வாய்மொழியாகக் கேட்கலாம். அதை எழுத்தில் பதிவது தகவல் அலுவலரின் கடமை. எழுதும் பொறுப்பை அந்தச் சட்டம் மேசைக்கு அந்தப் பக்கம் நகர்த்தியிருக்கிறது. நலன்புரிப் படிவத்துக்கும் மேன்முறையீட்டுக்கும் இதே விதியை வைக்க முடியும்.

அதுவரை, காணி உறுதியிலோ கடன் ஒப்பந்தத்திலோ கையெழுத்து வைக்கப் போகிறவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இதை முழுவதும் வாசித்துக் காட்டுகிறீர்களா? இது ஈடா, அறுதியா? நான் மொத்தம் எவ்வளவு, எந்தத் திகதிக்குள் கட்ட வேண்டும்? பதிலை அந்தத் தாளிலேயே விரலால் தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். காட்ட முடியாத தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் வேறொருவரிடம் வாசிக்கக் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் வந்து கையெழுத்து வைக்கலாம்.